குளிர்கால இரவுக்குக் கேழ்வரகுக் களி, பிதுக்குப் பருப்புக் குழம்பு, கொள்ளு ரசம்: முந்தைய இரவிலிருந்து தட்டு வைக்கும் வரை

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரங்களில் மார்கழியும் தையும் அவரைக்கொட்டைப் பருவம். ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்த மாதங்களில் பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். அந்த நேரத்துக்கென்றே அமைந்த சாப்பாடு, சுடச்சுடக் கேழ்வரகுக் களியும், தோல் நீக்கிய அவரைப் பருப்பில் வைத்த குழம்பும், கடைசியில் ஒரு டம்ளர் கொள்ளு ரசமும். இந்த மூன்றையும் நான்கு பேருக்கு ஒரே வேளையில் சமைத்து முடிப்பது எப்படி என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதியுள்ளேன்.

இவற்றில் எதுவும் தனியாக எடுத்துக்கொண்டால் கடினமான சமையல் இல்லை. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். களியை முதலில் கிண்டி வைத்துவிட்டுக் குழம்புக்கு மசாலா அரைக்கப் போவார்கள். குழம்பு இறங்கும்போது களி கெட்டிப்பட்டு, மேலே தோல் கட்டி, தொண்டையில் இறங்காத நிலைக்கு வந்திருக்கும். அல்லது காலையில் காய் வாங்கி மதியமே குழம்பு வைக்க நினைப்பார்கள். ஊறாத கொட்டையை எவ்வளவு அழுத்தினாலும் பருப்பு வெளியே வராது.

1. நேரக் கணக்கு

சாப்பிட உட்காரும் நேரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரவு 8 மணிக்குச் சாப்பாடு என்றால், முந்தைய இரவே காயை உரித்துக் கொட்டையை ஊறவைத்திருக்க வேண்டும்; கொள்ளையும் அதே இரவில் தனிப் பாத்திரத்தில் ஊறப்போட வேண்டும். காலையில் கொட்டையைப் பிதுக்கி, பருப்பைக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். மாலை 6:30 மணிக்குக் குழம்பு வேலையையும், 7 மணிக்கு ரசத்தையும், 7:15 மணிக்குக் களியையும் தொடங்கினால் போதும்.

களி கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. கேழ்வரகு மாவில் உள்ள மாச்சத்து சூட்டில் தண்ணீரை உறிஞ்சி இளகி நிற்கும். ஆற ஆற இறுகும். குளிர்காலத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். குழம்பும் ரசமும் காத்திருக்கும், களி காத்திருக்காது.

2. அவரைக்காய் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோ காய் வாங்குங்கள். உரித்துத் தோலையும் நீக்கிய பிறகு ஏறக்குறைய இரண்டு டம்ளர் பருப்பு தேறும். காயின் முற்றலைப் பொறுத்து இது கூடவும் குறையவும் செய்யும். இந்தக் குறிப்பு முழுவதும் டம்ளர் என்பது 200 மி.லி. அளவைக் குறிக்கிறது.

காயை மேலாகத் தடவிப் பார்த்தால் கொட்டை புடைத்து நிற்பது தெரிய வேண்டும். தட்டையாக இருந்தால் கொட்டை பிஞ்சு. அது ஊறினாலும் பிதுங்காமல் நசுங்கிவிடும். காய் மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் முற்றிவிட்டது; தோல் தடித்துக் கையை நோகடிக்கும். பச்சை மாறாமல், கொட்டை மட்டும் திரண்டிருக்கும் நடுப்பருவக் காய்தான் இதற்கு ஏற்றது.

விரலில் லேசாகப் பிசுபிசுத்து, கையை முகர்ந்தால் ஒரு வாசனை ஒட்டியிருக்கும் காயை விடாதீர்கள். இந்தச் செடி பகல்பொழுது குறுகும் காலத்தில் பூக்கும் இயல்புடையது. அதனால்தான் நாட்டு வகைகள் மார்கழி, தையில் குவிகின்றன. ஆண்டு முழுவதும் காய்க்கும் புதிய வகைகளும் சந்தைக்கு வருகின்றன. அவற்றிலும் குழம்பு வைக்கலாம். ஆனால் அந்த வாசனையை எதிர்பார்க்க வேண்டாம். பனி விழுந்த காய்க்கே மணம் அதிகம் என்று சந்தையில் சொல்வார்கள். நான் சாப்பிட்டுப் பார்த்த வரையில் அந்தப் பேச்சில் குறை காணத் தோன்றவில்லை.

சிறு துளை உள்ள காய்களை ஒதுக்கிவிடுங்கள். உள்ளே புழு இருக்கும், அல்லது இருந்துவிட்டுப் போயிருக்கும்.

3. கேழ்வரகு மாவு

களி சரியாக வருவதும் வராமல் போவதும் பாதிக்கு மேல் மாவிலேயே முடிவாகிவிடுகிறது. மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த மாவில் லேசான கசப்பும் சிக்கு வாடையும் வந்துவிடும். களி ஒன்றுசேராமல் உதிரும். முழுத் தானியம் வாங்கி, ஒரு மாதத்துக்குப் போதுமான அளவு மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது.

தானியத்தை முதலில் கல், மண், உமி நீங்கப் புடைக்க வேண்டும். நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தருகிறார்கள். ரேஷனில் வாங்கியதாயினும் சந்தையில் வாங்கியதாயினும் கழுவாமல் மில்லுக்குக் கொண்டு போகாதீர்கள். மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவி, ஒவ்வொரு முறையும் மேலாக அரித்தெடுத்தால் அடியில் மண் தங்கிவிடும். பிறகு வெயிலில் நன்றாகக் காயவைத்து அரைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் மாவு மில்லிலேயே கட்டிபிடிக்கும்.

மில்லிலிருந்து வந்த மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்து மூடினால் உள்ளே வியர்த்து, சில நாளில் பூசண வாடை வரும். அகலமான தட்டில் அல்லது செய்தித்தாளில் பரப்பி, முழுவதும் ஆறிய பின் எடுத்து வையுங்கள்.

4. உரித்து ஊறவைத்தல்

காயின் நரம்புப் பக்கத்தைப் பிளந்து கொட்டையை எடுத்து, இரண்டு முறை கழுவி, கொட்டைக்கு மேல் நான்கு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி ஊறவையுங்கள். கொட்டை ஊறிப் பருக்கும்; தண்ணீர் குறைவாக வைத்தால் மேலே உள்ளவை காய்ந்தபடியே நிற்கும். மிதக்கும் கொட்டைகளில் பூச்சி இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அவற்றை அரித்து எறிந்துவிடலாம்.

எட்டு மணி நேரம் போதும். குளிர் கடுமையாக இருந்தால் பத்து மணி நேரம் வரை விடலாம். அதற்கு மேல் விட்டால் தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை வரத் தொடங்கும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை குழம்பில் தெரியும். முந்தைய இரவு மறந்துவிட்டவர்கள் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி மூன்று மணி நேரம் வைத்துப் பார்க்கலாம், பெரும்பாலும் பிதுங்கிவிடும். கொதிக்கும் நீரை ஊற்றக் கூடாது. கொட்டையின் மேற்பகுதி வெந்து, தோலும் பருப்பும் ஒட்டிக்கொள்ளும்.

கொள்ளு விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை: கொள்ளின் நிறத்திலேயே சிறு கற்கள் கலந்திருக்கும். கால் டம்ளர் கொள்ளை வெள்ளைத் தட்டில் பரப்பி, வெளிச்சத்தில் பார்த்துப் பொறுக்கிய பிறகே ஊறப்போடுங்கள்.

5. பிதுக்குதல்

ஊறிய கொட்டையின் ஒரு விளிம்பில் வெள்ளைக் கோடு போலக் கண் இருக்கும். கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கண் இல்லாத பக்கம் பாத்திரத்தை நோக்கி இருக்கும்படி அழுத்தினால் தோல் அந்தப் பக்கத்தில் கிழிந்து, இளம்பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே விழும். தோல் மட்டும் விரலிடுக்கில் நிற்கும். பத்துக் கொட்டை பிதுக்கியதும் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

கையைப் பாத்திரத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு பிதுக்கினால் பருப்பு சுவர் வரை தெறிக்கும். சிறுபிள்ளைகள் இந்த வேலைக்கு ஆசையாக வந்து உட்காருவதே அதற்காகத்தான். அவர்களிடம் குழிவான பாத்திரத்தைக் கொடுங்கள். நகத்தால் கீறி உரிப்பவர்களுக்கு நேரமும் போகும், பருப்பும் இரண்டாகப் பிளந்துவிடும். பிளந்த பருப்பு வேகும்போது கரைந்து குழம்பைக் கூழாக்கும்.

இரண்டு டம்ளர் பருப்புக்கு ஒருவர் தனியாக உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகலாம். இந்த வேலையை மாலை சமையல் நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று முன்பே சொன்னதன் காரணம் இதுதான். பிதுக்கிய பருப்பை ஒரு முறை கழுவி, தண்ணீரை முழுவதும் வடித்து, மூடிய டப்பாவில் போட்டால் குளிர்பெட்டியில் இரண்டு நாள் நிற்கும். உறைநிலைப் பெட்டியில் வைத்தால் பருவம் முடிந்த பிறகும் சில மாதம் எடுத்துச் சமைக்கலாம். உறைந்த பருப்பை இளகவிடாமல் நேரே கொதிநீரில் போட வேண்டும், இளகவிட்டால் குழையும்.

6. மசாலா வறுத்து அரைத்தல்

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை: கொத்தமல்லி விதை 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, கசகசா 1 தேக்கரண்டி, ஒரு விரற்கடை அளவு பட்டை, கிராம்பு 2, சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு துண்டு, தக்காளி 2, தேங்காய்த் துருவல் அரை டம்ளர், கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி.

வறுக்கும் வரிசை முக்கியம். வெறும் வாணலியைச் சிறு தீயில் காயவைத்து முதலில் கொத்தமல்லி விதையைப் போடுங்கள். அது சூடேற நேரம் பிடிக்கும். வாசனை கிளம்பியதும் மிளகாய், பட்டை, கிராம்பு, பிறகு மிளகு, சீரகம், சோம்பு. கசகசாவை அடுப்பை அணைத்த பின் வாணலிச் சூட்டிலேயே சேர்த்தால் போதும், ஏனெனில் அது நொடியில் கருகும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பவர்களின் குழம்பில் வரும் கசப்பு பெரும்பாலும் கருகிய கசகசாவிலிருந்தும் சீரகத்திலிருந்தும் வருவதுதான்.

அதே வாணலியில் ஒரு கரண்டி கடலை எண்ணெய் விட்டு, வெங்காயத்தில் பாதியையும் இஞ்சி பூண்டையும் பொன்னிறமாகும் வரை வதக்கித் தனியே ஆறவையுங்கள். அரைக்கும்போது முதலில் வறுத்தவற்றைத் தண்ணீர் இல்லாமல் பொடியாக்க வேண்டும். பிறகே வதக்கியதையும், தேங்காயையும், கொத்தமல்லித் தழையில் பாதியையும் சேர்த்துத் தண்ணீர் தெளித்து வெண்ணெய்ப் பதத்தில் அரைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே தண்ணீர் ஊற்றிவிட்டால் கசகசாவும் கொத்தமல்லியும் பிளேடுக்குப் பிடிகொடுக்காமல் மிதந்து, குழம்பில் நறநறவென்று நிற்கும்.

7. குழம்பு வைத்தல்

கனமான பாத்திரத்தில் நான்கு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் பருப்பும் போடுங்கள். சில நிமிடங்களில் நுரை பொங்கி வரும். கரண்டியால் எடுத்துவிடுங்கள், பாத்திரத்தை மூட வேண்டாம். மூடினால் பொங்கி அடுப்பில் வழியும். நடுத்தீயில் 12 முதல் 15 நிமிடத்தில் பருப்பு முக்கால் பதம் வெந்துவிடும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். ஆனால் அழுத்தாமல் வைத்திருந்தால் உருக்குலையாமல் இருக்க வேண்டும்.

குக்கரில் வைக்கலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. வைக்க வேண்டாம். தோல் நீங்கிய பச்சைப் பருப்பு ஒரே விசிலில் கரைந்துவிடும். கடித்தால் மாவாக உடையும் முழுப் பருப்பு இல்லையென்றால் இரவும் காலையும் பட்ட பாட்டுக்கு என்ன பொருள்?

வேறொரு பிழை, தக்காளியைப் பருப்போடு சேர்த்தே வேகவைப்பது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு மெதுவாகத்தான் மெத்தென்று ஆகும். அரை மணி நேரம் கழித்தும் நடுவில் கடுக்கென்று நிற்கும். ஆகையால் பருப்பு வேகும் நேரத்தில் தனி வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெய் காயவைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மீதி வெங்காயத்தை வதக்கி, தக்காளியைச் சேர்த்து அது முழுவதும் கரையும் வரை கிளறுங்கள். அரைத்த மசாலாவைக் கொட்டி, எண்ணெய் ஓரங்களில் பிரிந்து வரும் வரை சிறு தீயில் வதக்குங்கள். இதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். அவசரப்பட்டு இடையில் நிறுத்தினால் மசாலாவின் பச்சை வாசனை குழம்பில் தங்கிவிடும்.

வதங்கிய மசாலாவை வெந்த பருப்பில் சேர்த்து, வாணலியையும் மிக்சி ஜாரையும் ஒன்றரை டம்ளர் தண்ணீரில் அலசி ஊற்றி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். இப்போது வேகமாகக் கிளறக் கூடாது. அடியிலிருந்து மெதுவாகப் புரட்டினால் போதும். கத்தரிக்காய் சேர்க்கும் வழக்கமும் உண்டு. சேர்ப்பதானால் மசாலா வதக்கும்போதே இரண்டு பிஞ்சுக் கத்தரிக்காயை நறுக்கிப் போடுங்கள். உருளைக்கிழங்கையும் சிலர் சேர்க்கிறார்கள். என் நாக்குக்கு அது அவரையின் வாசனையைத் தின்றுவிடுவதாகவே படுகிறது.

களிக்கு வைக்கும் குழம்பு, சோற்றுக்கு வைப்பதைவிட நீர்த்திருக்க வேண்டும். களி உருண்டை குழம்பை உறிஞ்சும், குழம்பும் ஆறும்போது தானே கெட்டியாகும். கரண்டியில் எடுத்து ஊற்றினால் தாராளமாக ஓட வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, மீதித் தழையைத் தூவி மூடிவையுங்கள்.

8. கொள்ளு ரசம்

ஊறிய கொள்ளை நான்கு டம்ளர் தண்ணீரோடு குக்கரில் ஆறு விசில் வைத்து, தானே ஆவி அடங்கிய பின் தண்ணீரை வடித்து எடுத்துக்கொள்ளுங்கள். ரசத்துக்கு வேண்டியது இந்தத் தண்ணீர்தான். கொள்ளில் இரண்டு கரண்டியை மட்டும் நன்றாக மசித்து அதில் கரைத்தால் ரசத்துக்கு உடல் கிடைக்கும். மீதியைக் காய்ந்த மிளகாய், பூண்டு, தேங்காய் வைத்துத் துவையலாக அரைத்துவிடலாம்.

மிளகு, சீரகம் தலா ஒரு தேக்கரண்டி, பூண்டு ஐந்து பல் ஆகியவற்றைக் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். நெய்யில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, இடித்ததைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, ஒரு தக்காளியைப் பிசைந்து சேர்த்து, சிறு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். புளியின் பச்சை வாசனை போகும் வரை கொதித்த பிறகே கொள்ளுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். மேலே நுரை கட்டியதும் உடனே இறக்குங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் மிளகின் வாசனை ஆவியோடு போய்விடும், ரசமும் குழம்பைப் போலத் தடித்துவிடும்.

9. களி கிண்டுதல்

வேண்டியவை: கேழ்வரகு மாவு 2 டம்ளர், அரிசி நொய் அரை டம்ளர், தண்ணீர் 6 டம்ளர், உப்பு. கனமான அடியுள்ள குண்டான், வலுவான மரத்துடுப்பு, கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர், பாத்திரத்தைப் பிடிக்கத் தடித்த துணி இரண்டு. கிராமத்து அடுப்பில் பானையை அசையாமல் பிடிக்கக் கவைக்கோல் வைத்திருப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் அதற்கு வழியில்லை. பாத்திரத்தைத் தரையில் ஈரச்சாக்கின் மேல் இறக்கி வைத்து, ஒருவர் காதைப் பிடிக்க மற்றவர் கிண்டுவதுதான் பாதுகாப்பு. ஒட்டாத பூச்சுள்ள மெல்லிய பாத்திரங்கள் இதற்கு ஆகா. துடுப்பு அழுத்தும் வேகத்தில் பூச்சு உரியும், பாத்திரமும் நழுவும்.

அரை மணி நேரம் ஊறிய நொய்யை ஆறு டம்ளர் தண்ணீரில் உப்புச் சேர்த்துக் குழைய வேகவிடுங்கள். நொய் அரைகுறையாக வெந்திருக்கும்போது மாவைப் போட்டால் அதன் பிறகு அது வேகாது. மாவு தண்ணீரை எல்லாம் தனக்கே எடுத்துக்கொள்ளும். நொய் குழைந்ததும், கொதிக்கும் கஞ்சித் தண்ணீரில் ஒரு டம்ளரைத் தனியே எடுத்து மூடிவையுங்கள். பின்னர் களி இறுகினால் இதுதான் கைகொடுக்கும். பச்சைத்தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்த்தால் மாவு திட்டுத்திட்டாகப் பிரியும்.

இப்போது தீயைக் குறைத்து, மாவு முழுவதையும் நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறக் கூடாது. புதியவர்களுக்கு மிகக் கடினமான படி இதுதான்: மாவைக் கண்டதும் கை தானாகத் துடுப்பைத் தேடும். கொதிநீரில் காய்ந்த மாவைக் கிளறினால் ஒவ்வொரு உருண்டையின் மேற்புறமும் உடனே வெந்து மூடிக்கொள்ளும். உள்ளே பச்சை மாவு சிறைப்பட்டுவிடும். கட்டிகள் அங்கேதான் பிறக்கின்றன.

கிளறாமல், துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே பாத்திரத்தின் அடிவரை ஒரு துளை போடுங்கள். சிறிது நேரத்தில் அந்தத் துளை வழியாகக் கஞ்சி குபுக்கென்று மேலே வந்து, மாவின் மேல் வழிந்து, மீண்டும் ஓரங்களில் இறங்கும். மூடியைச் சாய்த்து வைத்து எட்டு முதல் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஆவி மாவுக்குள் ஊடுருவி, குவியலின் சாம்பல் நிறம் மெல்ல மெல்லப் பழுப்பாக மாறும். மேற்புறத்தில் காய்ந்த மாவு ஒரு கை அளவுதான் மிச்சம் என்ற நிலைக்கு வந்தால் கிண்டத் தொடங்கலாம். துளையில் கஞ்சி வரவே இல்லை என்றால் தண்ணீர் குறைந்துவிட்டது. எடுத்து வைத்த கஞ்சியில் பாதியை அந்தத் துளைக்குள்ளேயே ஊற்றுங்கள்.

பாத்திரத்தை இறக்கி, துடுப்பை நடுவில் ஊன்றி, மாவைப் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தித் தேய்த்துத் தேய்த்துக் கிண்ட வேண்டும். வட்டமாகச் சுற்றினால் மட்டும் போதாது. கட்டி உடைவது சுவரோடு நசுங்கும்போதுதான். ஒரே திசையில், அடியிலிருந்து மேலாகப் புரட்டியபடி ஐந்து நிமிடம் கை ஓயாமல் கிண்டினால் களி துடுப்பைச் சுற்றி ஒரே திரளாகச் சேர்ந்து, பாத்திரத்தின் ஓரத்தை விட்டுவிடும். துடுப்பு நகரவே மறுத்தால் கஞ்சியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். ஒரேயடியாக ஊற்றினால் களி வழுக்கிக்கொண்டு சுற்றுமே தவிர, தண்ணீரை ஏற்றுக்கொள்ளாது.

பிறகு மீண்டும் மிகச் சிறு தீயில் வைத்து மூடி நான்கு நிமிடம் புழுங்கவிடுங்கள். பலர் இந்த இரண்டாம் வேக்காட்டைத் தவிர்த்துவிடுகிறார்கள். களி வாயில் மாவாக ஒட்டுவதற்கும் மறுநாள் வயிறு கனப்பதற்கும் அதுவே காரணம். வெந்ததா என்று அறிய விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியின் மேல் தட்டுங்கள். விரலில் ஒட்டாமல், களி மினுமினுப்பாகக் கருத்து, பச்சை மாவு வாசனை இல்லாமல் இருந்தால் வெந்துவிட்டது.

10. உருண்டை பிடித்துப் பரிமாறுதல்

சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். ஆனால் வெறுங்கையை உள்ளே விடக் கூடாது. வெந்த களி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால், வெந்நீர் பட்டதைவிடப் புண் ஆழமாகும். சிறு கிண்ணத்தின் உட்புறம் நெய் தடவியோ தண்ணீர் தெளித்தோ, ஈரக் கரண்டியால் களியை அதில் போட்டு, கிண்ணத்தை வட்டமாகக் குலுக்கினால் உருண்டை தானே திரளும். கையால்தான் பிடிப்பேன் என்பவர்கள் ஒவ்வோர் உருண்டைக்கும் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளட்டும்.

தட்டில் முதலில் குழம்பை ஊற்றாதீர்கள். உருண்டையை வைத்து, நடுவில் குழி செய்து, சிறிது நெய் விட்டு, பிறகு குழம்பைச் சுற்றிலும் தாராளமாக ஊற்றுங்கள். சாப்பிடும் முறையையும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து சிறிதாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும். களி பிடிக்கவில்லை என்பவர்களில் பாதிப் பேர் அதை மென்று பார்த்தவர்களே. சிறு குழந்தைகளுக்கும், விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கும் இது பொருந்தாது; அவர்களுக்குக் களியைக் குழம்பிலோ மோரிலோ கரைத்துக் கொடுங்கள்.

ரசத்தைக் கடைசியில் டம்ளரில் சூடாகத் தரலாம். கொள்ளுத் துவையல் அரைத்திருந்தால் அது சோற்றுக்கு.

11. பிசகினால் என்ன செய்வது

களியில் கட்டி தெரிந்தால், அது சூடாக இருக்கும்போதே அந்தப் பகுதியைச் சுவரோடு நசுக்கி, இரண்டு கரண்டி கஞ்சி விட்டுச் சிறு தீயில் மூன்று நிமிடம் மூடிவையுங்கள். ஆறிய பிறகு கட்டியை ஒன்றும் செய்ய முடியாது. களி கூழாகிவிட்டால் மாவைத் தூவிக் கெட்டியாக்க முயலாதீர்கள். அந்த மாவு வேகாது. மூடியைத் திறந்துவைத்துச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் ஓரளவு இறுகும். அப்படியும் இறுகவில்லையென்றால் அன்றைக்குக் கூழ் என்று பெயர் மாற்றி, குழம்பைக் கெட்டியாக்கித் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

குழம்பில் கசப்பு வந்தால் சற்றுத் தேங்காய்ப்பால் மட்டுப்படுத்தும், முழுவதும் போக்காது. பருப்பு நடுவில் கடுக்கென்று நின்றுவிட்டால், புளிப்பு ஏற்கெனவே சேர்ந்துவிட்டதால் பொறுமைதான் மருந்து. ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, மூடியைச் சாய்த்து வைத்து, சிறு தீயில் இன்னும் 20 நிமிடம் விடுங்கள். சோடா உப்புப் போட்டு வேகவைக்கும் வழி வேண்டாம். பருப்பு வழவழத்து, வாசனையும் கெடும். அவரைப் பருப்பை அரைவேக்காட்டிலோ பச்சையாகவோ சாப்பிடுவதும் கூடாது.

12. மிச்சமானவை

களி மிஞ்சினால் உருண்டையாகவே ஒரு பாத்திரத்தில் போட்டு, மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். தண்ணீர் இல்லாமல் வைத்தால் காலையில் கத்தியால்தான் வெட்ட வேண்டியிருக்கும். மறுநாள் அதைக் கையால் கரைத்து, மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் குடிக்கலாம். பனிக்காலக் காலையில் அது குளிரும் என்று நினைப்பவர்கள் வெயில் ஏறிய பிறகு பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழம்பு மறுநாள் இட்லிக்கும் தோசைக்கும் நன்றாகவே சேரும். இரவு முழுவதும் கெட்டியாகியிருக்கும் என்பதால் கால் டம்ளர் வெந்நீர் சேர்த்துச் சிறு தீயில் சூடாக்குங்கள். தேங்காய் அரைத்த குழம்பு என்பதால் சமைத்த இரவே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மலைப்பக்கக் குளிரை நம்பி அடுப்படியிலேயே விட்டால் மறுநாள் மதியத்துக்குள் புளித்துப்போகும். ஒவ்வொரு வேளைக்கும் வேண்டியதை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்குங்கள், மொத்தக் குழம்பையும் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தால் பருப்பு கரைந்துவிடும்.